கண்ணாடி போடாதவர்

அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், தூரத்துப் பார்வை அவருக்கு அபாரம் என்று சொல்வேன். ஒகேனக்கல்லில் ஆற்றின் இக்கரையில் நின்றுகொண்டு, அக்கரையில் கர்நாடகப் பக்கம் மேயும் ஆடுகளில் கிடா எத்தனை என்று எண்ணிச் சொல்வார். மலை வளைவில் இறங்கி வருவது பஸ்ஸா லாரியா என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் நம்பரைப் படித்துவிடுவார். படித்ததும் சுற்றி நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் படிப்பதே.

கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற எதுவும் அவருக்குத் தெரியாது. பீடித் தீப்பெட்டியின் படமும் சரி, சோற்றில் கிடக்கும் கல்லும் சரி, அவருக்கு ஒரே கலங்கல்தான். ஐம்பதை நெருங்குகிற யாருக்கும் வருகிற குறை. நாலு பேர் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு பிழைப்பைப் பார்ப்பார்கள். இவர் மாட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம். மீசைக்கு வாரம் ஒருமுறை சாயம் போடுவார். அந்தச் சாயம் மேல் உதட்டிலும் கொஞ்சம் படிந்திருக்கும். அது அவருக்குத் தெரியாது, கண்ணாடியில் பார்த்தாலும்.

எழுபதுகளின் நடுவில், ஆற்றுக்குள் பாறை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சர்வே கேம்ப் ஒகேனக்கல்லில் கூடாரம் போட்டது. அதற்கு மேற்பார்வை அவர். பெயர் வேண்டாம். எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம். நான் பென்னாகரத்தில் டயர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். லாரி, பஸ், கேம்ப் ஜீப் எல்லாம் என்னிடம் வரும். கடைசி வரைக்கும் அவர் என் பெயரைக் கேட்டதில்லை. "என்னப்பா பாய்" என்பதோடு சரி.

முதல் நாள் ஜீப் டயருக்குக் காற்றடித்துவிட்டு, காற்றழுத்தம் காட்டும் பேனா மாதிரியான கேஜை வைத்துப் பார்த்தேன். அவர் கையை நீட்டினார். வாங்கி, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.

"பாத்தாச்சு. இருபத்தெட்டு. போதும்."

நான் எட்டிப் பார்த்தேன். பதினெட்டு. டிரைவர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் புரிந்துகொண்டு, "இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கிடறனுங்க சார், மலை ஏறணுமில்லைங்களா" என்றேன். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அன்றைக்கே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கேம்பில் பாதிப் பேருக்கு முக்கியமான வேலை, அவருக்குக் கண் தெரியாததை அவருக்கே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான்.

"பாத்தாச்சு" என்பது அவருடைய சொல். எதை நீட்டினாலும் பாத்தாச்சு. கடிதம் வந்தால் குமாஸ்தாவிடம் கொடுத்து, "நீ படி, உன் இங்கிலீஷ் எந்த லட்சணத்துல இருக்குன்னு பாக்கறேன்" என்பார். குமாஸ்தா நாற்பது வயது மனிதர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்று படிப்பார். முடிந்ததும், "பரவாயில்லை, தேறிட்டு வர்றே" என்று தட்டிக்கொடுத்து, குமாஸ்தா விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் சார் கையெழுத்துப் போடுவார்.

ஏரியூரில் ஒரு விவசாயி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார்கள். குமாஸ்தா அன்றைக்கு லீவு. இவர் தானே படித்துக்கொண்டார். சலவைச் சட்டையும் கையில் வெள்ளிக் குங்குமச் சிமிழுமாக ஜீப்பில் போய் இறங்கினபோது அங்கே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் முந்தின நாளே முடிந்து பொண்ணு மாப்பிள்ளை மறுவீடு போய்விட்டார்கள். வேறொருவராக இருந்தால் தேதி தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சிரித்திருப்பார். இவர் பந்தல் கால் பிடுங்கின குழிகளைச் சுற்றிவந்து, "கூட்டத்துல வந்தா நல்லாப் பேச முடியாது. அதான் இன்னிக்கு வந்தேன்" என்றாராம். அந்த வீட்டுக்காரரும், "அதுக்கென்னங்க, நீங்க வந்ததே பெரிசுங்க" என்று மீந்த லட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். டிரைவர் வந்து என் கடையில் இதைச் சொன்னபோது நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். சிரிப்பதைத் தவிர அதில் எங்களுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

சாப்பாடு அருவிப் பக்கம் ஒரு மீன் கடையில். கடைக்காரம்மா பரிசல் ஓட்டுகிற மாதப்பனின் சம்சாரம். கெண்டை மீனில் முள் அதிகம். இவருக்கு ஒருமுறை தொண்டையில் சிக்கி, கண் பிதுங்கி, சோற்று உருண்டையாக ஏழெட்டு விழுங்க வைத்து இறக்கினார்கள். அதிலிருந்து அந்தம்மா அவருக்கு மட்டும் முள் எடுத்துவிட்டுப் பரிமாறும். அன்பினால் இல்லை. "கேம்ப் ஆளுங்க பதினாறு பேரு இங்கதான் திங்கறாங்க. இந்த மனுசன் முள்ளு குத்திச் செத்தா எங் கடைக்கு எவன் வருவான்" என்று என்னிடமே சொல்லியது.

நானும் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "சார், நம்ம சந்தையில ஒரு ஆளு கண்ணாடி கொண்டாந்து விக்கறாருங்க. கிட்டத்துல பாக்கறதுக்கு. நானே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேனுங்க." எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சின்ன வயசுலயே கண்ணு போச்சா உனக்கு. எங்கப்பா எழுபது வயசுல ஊசியில நூல் கோத்தவர்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவருடைய ஜீப் எனக்கு மாதம் இரண்டு முறையாவது வரும்.

இந்த நிலைமையில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது, கூடவே சூசையும் வந்தார். சூசை தூத்துக்குடிக்காரர். சங்கு குளித்தவர். பிறகு துறைமுகத்தில், முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு மூழ்கப் பழகியவர். ஆற்றின் மடுவுக்குள் இறங்கிப் பாறை இடுக்குகளைத் தடவிப் பார்த்துச் சொல்ல அவரைக் கூட்டிவந்திருந்தார்கள். கறுத்த, ஒடுங்கின உடம்பு. குறைவாகப் பேசுவார். தன் சோற்றைத் தானே பொங்கித் தனியாகச் சாப்பிடுவார்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு மிதப்புச் சட்டை. மாதப்பன் அதற்குக் காத்துச் சட்டை என்று பெயர் வைத்தார். ரப்பர் துணியில் தைத்த கையில்லாத சட்டை. முதுகுச் சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வந்து சட்டையின் மார்புப் பக்கம் ஒரு கைப்பிடியில் சேரும். கைப்பிடியில் இரண்டு பொத்தான். ஒன்றை அழுத்தினால் சட்டைக்குள் காற்று ஏறி ஆள் மேலே வருவார். இன்னொன்றை அழுத்தினால் காற்று வெளியேறி ஆள் இறங்குவார். அந்தக் கைப்பிடிக்கு இன்ஃப்ளேட்டர் என்று பெயர். அதைச் சட்டையில் பொருத்தும் வேலையைச் சார் தானே எடுத்துக்கொண்டார். கூட வந்த புத்தகத்தைத் தொடவில்லை. பொருத்தி முடித்துக் குழாயைச் செருகினதும், யாரும் பொத்தானைத் தொடாமலே சட்டை மெல்ல உப்ப ஆரம்பித்தது.

"நீ அழுத்திருப்பே" என்றார் சூசையிடம்.

"நான் கையே வைக்கலியே சார்" என்றார் சூசை.

இரண்டு நாள் இப்படியே போனது. குமாஸ்தாதான் புத்தகத்தைப் படித்துவிட்டு, உள்ளே இருப்பது டயர் டியூபில் இருக்கிற அதே வால்வு பின் என்று கண்டுபிடித்து, எனக்கு ஜீப் அனுப்ப வைத்தார்.

நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். குமாஸ்தா சொன்னது சரி. லாரி டியூபில் நான் ஆயிரம் தடவை கழற்றி மாட்டின அதே பின். அது திருகாணி மாதிரி உள்ளே இறங்கும். அதன் முனை பொத்தானின் அடியில் தட்டக் கூடாது. தட்டினால் பொத்தான் எப்போதும் அழுத்தினபடி இருக்கும், காற்று கசிந்துகொண்டே இருக்கும். ரொம்ப ஆழமாக இறக்கிவிட்டால் பொத்தான் எட்டாது, அவசரத்துக்குக் காற்று வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள் கனம் இடைவெளி வேண்டும். பீடிக்கட்டுத் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, அது இடையில் நுழைந்து வெளியே வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருகி வைத்தேன். மீன் கடையிலிருந்து வாங்கிவந்த அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் கைப்பிடியை அமுக்கி வைத்து, பத்து நிமிடம் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை.

சூசை, "இன்னொரு தடவ பிரிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி" என்றார். பிரித்துக் காட்டினேன். மூச்சு விடாமல் பார்த்தார். தன் உயிர் எதில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஆள் அந்தக் கேம்பில் அவர் ஒருவர்தான்.

பிறகு சாரிடம் கொடுத்தேன். கை முழுக்க நீண்டது, தலை பின்னால் சாய்ந்தது.

"பாத்தாச்சு."

"சார், இனி இதத் தொட வேண்டாமுங்க. பொத்தான் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அது ஸ்பிரிங்கு. போகப் போகச் சரியாயிரும். ஏதாச்சும்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க, பஸ் ஏறி வந்துர்றேன்."

"சரி சரி" என்றார்.

மறுநாள் காலை நடந்ததை மாதப்பன் எனக்குச் சொன்னார். ஆற்றங்கரையில் சூசை சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கிப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். சொன்னார், அவ்வளவுதான். மாற்றச் சொல்லவில்லை. சார் உடனே, "கழட்டு, நான் பாக்கறேன்" என்றார்.

மாதப்பன் சொல்லியிருக்கிறார். "சார், அந்த பாயக் கூப்புடலாமுங்க. ஒம்போது மணி பஸ்ஸுக்கு ஆளனுப்புனா மத்தியானத்துக்குள்ள வந்துருவாருங்க."

"ஒரு பின்னைத் திருக ஒருத்தன் பஸ் ஏறி வரணுமா."

பாறைமேல் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி, பின்னைத் தளர்த்தினார். எவ்வளவு தளர்த்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அருவி இரைச்சலில் காற்று கசிகிற சின்னச் சத்தம் யாருக்குக் கேட்கும். அண்டாவில் போட்டுப் பார்க்கலாமா என்று மாதப்பன் கேட்டார். சார் கைப்பிடியைச் சூசையிடம் நீட்டிவிட்டார். சூசை மட்டும், "சார், பாத்துட்டீகளா?" என்று கேட்டாராம்.

"பாத்தாச்சுய்யா."

சூசை இறங்கினார். அது சித்திரை மாதம், ஆறு இளைத்திருக்கும் காலம். ஆனால் மடு மடுதான். இருபத்தைந்து முப்பது அடி ஆழம். பாறை இடுக்கைத் தடவிக்கொண்டிருந்தபோது சட்டை தானாக உப்பத் தொடங்கியிருக்கிறது. காற்றை வெளியேற்றும் பொத்தானை அழுத்தினார். வெளியேறுவதைவிட வேகமாக உள்ளே ஏறியது. குழாயைப் பிடுங்கப் பார்த்தார், பிடி வழுக்கியது. அதற்குள் சட்டை அவரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. மேலே போகும்போது மூச்சை அடக்கினால் நெஞ்சு வெடிக்கும் என்று தெரிந்த மனிதர் என்பதால் வழியெல்லாம் மூச்சை விட்டுக்கொண்டே வந்தார். அதனால் உயிர் பிழைத்தார். காது பிழைக்கவில்லை. பரிசலுக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து விழுந்தபோது இடது காதிலும் மூக்கிலும் ரத்தம். மாதப்பன் சட்டை வாரைப் பிடித்து இழுத்துப் போட்டார். கரையில் நின்ற சார், "பொத்தானை விடு, பொத்தானை விடு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் பத்து நாள். இடது காது போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். இனி தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்றும் சொன்னார்கள்.

சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி விசாரிக்க வந்தார். பயணியர் விடுதி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். என்னையும் வரச்சொல்லி இருந்தார்கள். ஓரமாக ஒரு பெஞ்சில் சூசை, காதில் பஞ்சோடு. சட்டையும் கைப்பிடியும், அன்றைக்குத் தண்ணீரிலிருந்து எடுத்தபடியே, மேசைமேல்.

சார் முதலில் பேசினார். "டயர் கடையில கொடுத்தது தப்பாப் போச்சு சார். அவங்களுக்கு லாரி தெரியும், இது தெரியாது."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கடை போய்விடும், போலீஸ் வரும் என்றெல்லாம் ஓடியது. நான் என்ன செய்தேன், எப்படிச் சோதித்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அதிகாரி கேட்டார்: "கடைசியா இதை யார் பாத்தது?"

குமாஸ்தா தரையைப் பார்த்தார். மாதப்பன்தான் சொன்னார். "சாருங்க. அன்னிக்குக் காலையில. நான் எதுக்கவே நின்னனுங்க."

"அன்னைக்குப் பாத்த மாதிரியே இப்பப் பாருங்க" என்று அதிகாரி கைப்பிடியை அவரிடம் நீட்டினார்.

அவர் வாங்கி, பொத்தானின் அடி தெரிகிற மாதிரிப் பிடித்து, கையை நீட்டினார். தலையைச் சாய்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நல்லாத்தான் சார் இருக்கு."

"பின்னு பட்டன்ல தட்டுதா, தட்டலையா?"

"தட்டலை சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பீடித்தாள் கீற்றை இடையில் விட்டேன். நுழையவில்லை. முனை பொத்தானை முட்டிக்கொண்டு நின்றது. அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

"இதைப் போட்டுப் பாருங்க."

"வேண்டாம் சார்."

"போடுங்க."

போட்டார். பின்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக, எதையோ பார்க்கிற ஒருவனின் முகம் வந்தது. இப்போது தலையைத் திருப்பிச் சூசையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். எங்கள் எல்லோர் முகமும் அந்தப் பக்கம்தான் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க பவர் எனக்கு ஒத்துவரலை சார்" என்றார்.

இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். பொய் சொன்னவர்கள், அடுத்தவன்மேல் பழி போட்டவர்கள், குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தவர்கள். அவர்கள் யார்மேலும் எனக்கு இவ்வளவு இளக்காரம் வந்ததில்லை. ஒரு மனிதனின் காதைவிடத் தன் மூக்கின் அழகு பெரிதாகப் போன ஆளை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

கருவியில் கோளாறு என்று எழுதி முடித்தார்கள். மிதப்புச் சட்டை பெட்டியில் அடைபட்டு மெட்ராஸுக்குப் போனது. இரண்டு மாதத்தில் சாரை வடக்கே எங்கேயோ மாற்றினார்கள். அங்கே கண்ணாடி போட்டாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நினைக்கவும் இல்லை.

சூசை அதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார். தர்மபுரி பஸ்ஸுக்காகப் பென்னாகரத்தில் இறங்கினவர் என் கடைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். வலது பக்கமாக உட்கார்ந்து பேசினால் கேட்கும் என்றார்.

"நீங்க சரியாத்தான் வச்சிருந்தீக அண்ணாச்சி. நாந்தான் பக்கத்துல இருந்து பாத்தேனே."

"ஊருக்குப் போயி என்ன பண்ணுவீங்க?"

"சங்கு அறுக்கற எடத்துல கேக்கணும். தண்ணிக்குள்ள எறங்காத வேல எதுன்னு இப்பத்தான் யோசிக்கேன்."

டீ முடிந்தது. பஸ் வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். படியருகே நின்று திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும். அவருக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாதுன்னு ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"மாதப்பனுக்கு?"

"தெரியும்."

"கேம்ப்ல எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அவர் கோபப்படவில்லை. பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எங்கிட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

ஏறிப் போய்ச் சன்னலோரம் உட்கார்ந்தார். நான் வெளியே நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவருடைய இடது காதுதான் என் பக்கம் இருந்தது. அவர் திரும்பவில்லை. தோளைத் தட்டலாம் என்று சன்னல் கம்பிக்குள் கையை நீட்டும்போது கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.